ஓடும் மகளின் கால் நோவு

முதலாந் தவணை தொடங்கிவிட்டால் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான ஆயத்தங்களும் தொடங்கிவிடும். பல மாதங்கள் புத்தகமும் ரியூசனுமாக இருந்த பிள்ளைகள் திடீரென்று காலையிலும் மாலையிலும் மைதானத்தில் நிற்பார்கள். இல்லத்துக்குப் புள்ளி வேண்டும், வலயப் போட்டிக்குத் தெரிவாக வேண்டும் என்று ஆளாளுக்கு ஓர் இலக்கு. இரண்டு, மூன்று கிழமைகள் சென்றதும் பேலியகொடை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை என்று எந்தப் பக்கத்து வீடாக இருந்தாலும் ஒரே முறைப்பாடு கேட்கும். "அம்மா, முழங்காலுக்குக் கீழே நோகுது."

நாம் என்ன செய்கிறோம்? சித்தாலேப பூசுகிறோம். எண்ணெய் காய்ச்சி உருவி விடுகிறோம். கடையில் நோ மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். "கனநாளைக்குப் பிறகு ஓடினால் அப்படித்தான், பழகினால் சரிவரும்" என்று ஆறுதல் சொல்கிறோம். பல வேளைகளில் அது உண்மையாகவே சரிவந்தும் விடுகிறது. ஆனால் சில பிள்ளைகளுக்கு அந்த நோவு என்பில் விழுந்த மெல்லிய வெடிப்பாக இருக்கும். வேறு சிலருக்கு, தசைக்குள் அழுத்தம் கூடுவதன் அறிகுறியாக இருக்கும். எல்லாவற்றையும் "கால் நோவு" என்ற ஒரே சொல்லால் அழைப்பதால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே தைலத்தைப் பூசுகிறோம்.

2023 ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்ற தருஷி கருணாரத்ன அப்போது 18 வயதுப் பாடசாலை மாணவி. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த எத்தனையோ சிறுமிகள் தாமும் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பார்கள். அந்த ஆசைக்குத் துணை நிற்க விரும்பும் தாய்மார், காலில் எது சாதாரண நோவு, எது வைத்தியரிடம் காட்ட வேண்டிய நோவு என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. இம்மாதம் அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கணைக்காலுக்குள் என்ன இருக்கிறது?

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதியையே கணைக்கால் என்கிறோம். அங்கே இரண்டு என்புகள் உள்ளன. உட்பக்கத்தில் இருக்கும் பெரிய என்புதான் உடற்பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குகிறது. முன்புறத்தில் விரலால் தடவினால் தோலுக்கு அடியில் கூராகத் தட்டுப்படுவது அதுவே. இந்த என்புகளைச் சுற்றியுள்ள தசைகள் நான்கு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் அறையையும் ஓர் இறுக்கமான உறை மூடியிருக்கிறது. அறைகளுக்குள்ளே நரம்புகளும் குருதிக் குழாய்களும் செல்கின்றன.

ஓடும்போது ஒவ்வொரு முறை கால் நிலத்தில் படும்போதும் உடல் நிறையின் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலைத் தாக்குகிறது. ஒரு கிலோமீற்றர் ஓடி முடிக்கும்போது ஏறத்தாழ ஆயிரம் அடிகள் வைத்திருப்போம். இந்தத் தாக்கம் கெட்டதல்ல. என்பு உயிருள்ள பொருள். அது தாக்கத்தை உணர்ந்து, பழைய பகுதியை அகற்றி, புதிதாகக் கட்டி, முன்னரைவிட உறுதியாகிறது. ஆனால் அகற்றும் வேலை விரைவாக நடக்கும், கட்டும் வேலை மெதுவாக நடக்கும். புதிய என்பு முழுமையாக உறுதிபெறச் சுமார் மூன்று மாதங்கள் செல்லும். எனவே பயிற்சியைத் திடீரென்று கூட்டினால் முதல் சில கிழமைகளில் என்பு வழமையைவிடப் பலம் குறைந்திருக்கும். பயிற்சி தொடங்கி மூன்றாம், நான்காம் கிழமைகளில் நோவு தலைகாட்டுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

நோவு நான்கு வகை

முதலாவது, விளையாட்டு ஆசிரியர்கள் "ஷின் ஸ்பிளின்ட்ஸ்" என்று சொல்லும் நோவு. ஓடுபவர்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது இதுவே. கணைக்கால் பெரிய என்பின் உள்விளிம்பில், கீழ்ப்பாதியை ஒட்டி நோகும். விரலால் அழுத்திப் பார்த்தால் ஐந்து சென்ரிமீற்றருக்கும் அதிகமான நீளத்துக்கு, ஒரு கோடு போல நோவு பரவியிருக்கும். ஆரம்பத்தில் ஓடத் தொடங்கும்போது நோகும், உடல் சூடேறியதும் குறையும், ஓய்ந்தபின் மீண்டும் தெரியும். என்பின் மேற்பரப்பும் அதில் ஒட்டியிருக்கும் தசையும் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் வேலை செய்ததால் வருவது இது.

இரண்டாவது, தகைப்பு முறிவு. விழுந்து முறிவது போன்றதல்ல இது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வெடிப்பு விழுவது போல, சிறு தாக்கங்கள் சேர்ந்து என்பில் மயிரிழை வெடிப்பை உண்டாக்குகின்றன. இங்கே நோவு ஓரிடத்தில், ஒரு விரல் நுனியால் காட்டக்கூடியதாக இருக்கும். ஓட ஓடக் கூடும். நாளாக நாளாக நடக்கும்போதும், பின்னர் படுக்கையில் இருக்கும்போதும் நோகும். இந்த நோயை முதன்முதலில் விபரித்தவர் பிரைட்ஹவுப்ட் என்ற புருசிய இராணுவ வைத்தியர். 1855 ஆம் ஆண்டு, நெடுந்தூரம் அணிநடை சென்ற சிப்பாய்களின் பாதம் வீங்கி நோவதைக் கண்டு அவர் எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பின்னர்தான், 1897 இல், அது என்பு வெடிப்பு என்பது தெரியவந்தது. பிரித்தானிய ஓட்ட வீராங்கனை கெலி ஹோம்ஸ் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தகைப்பு முறிவுடனேயே 800 மீற்றர் ஓடி நான்காம் இடத்துக்கு வந்தார். பின்னர் பல காயங்களைத் தாண்டி, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 34 வயதில் 800, 1500 மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்றார். முறிவு வந்தால் எல்லாம் முடிந்தது என்று பிள்ளை கலங்க வேண்டியதில்லை. அதேவேளை முறிவோடு ஓடுவதை வீரமென்று எண்ணவும் கூடாது.

மூன்றாவது, தசையறை அழுத்த நோவு. உடற்பயிற்சியின்போது தசைக்குள் குருதி பாய்ந்து அதன் கனவளவு 20 சதவீதம் வரை கூடலாம். சிலருக்கு அதைச் சுற்றியுள்ள உறை இடம் கொடுப்பதில்லை. உள்ளே அழுத்தம் ஏறி, குருதியோட்டமும் நரம்பும் நெருக்கப்படுகின்றன. இந்த நோவுக்கு ஒரு மணிக்கூடு உண்டு. ஓடத் தொடங்கி ஏறத்தாழ அதே நேரத்தில், அதே தூரத்தில் ஒவ்வொரு நாளும் வரும். கால் கல்லுப்போல இறுகும், சிலவேளை பாதம் விறைக்கும், பாதத்தைத் தூக்கி வைப்பது கடினமாகும். நின்றுவிட்டால் சில நிமிடங்களில் அல்லது அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். பெரும்பாலும் இரண்டு கால்களிலும் இருக்கும். அமெரிக்க வீராங்கனை மேரி டெக்கர் பதின்ம வயதிலேயே புகழ்பெற்றவர். இந்த நோயினால் அவரால் 1976 ஒலிம்பிக்கில் பங்குபற்ற முடியவில்லை. சத்திரசிகிச்சையின் பின் மீண்டு, 1983 இல் ஹெல்சிங்கி உலகப் போட்டியில் 1500, 3000 மீற்றர் இரண்டிலும் முதலிடம் பெற்றார்.

நான்காவது அரிதானது. முழங்காலின் பின்குழி வழியாகக் காலுக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியைத் தசை நெருக்குவதால் வருவது. ஓடும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், பாதம் குளிர்ந்து வெளிறும். இளவயதினரிடமும் இது காணப்படுகிறது. தசையறை நோவு என்று நினைத்துச் சிகிச்சை செய்தும் குணமாகாதபோது வைத்தியர்கள் இதைத் தேடிப் பார்ப்பார்கள். நரம்பு நெரிபடுவதாலும், முள்ளந்தண்டிலிருந்து இறங்கும் நோவாலும் கணைக்கால் நோகக்கூடும் என்பதையும் மனதில் கொள்வோம்.

தாய் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

வைத்தியரிடம் போகுமுன் வீட்டிலேயே பிள்ளையிடம் நிதானமாகக் கேட்டு, விடைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிட நேரத்தில் இந்தத் தாள் பேருதவியாக இருக்கும்.

1. எந்த இடத்தில் நோகிறது? பிள்ளையையே காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கையால் தடவிக் காட்டுகிறாளா, ஒரு விரலால் தொட்டுக் காட்டுகிறாளா என்று கவனியுங்கள். ஒரு விரல் என்றால் தாமதிக்க வேண்டாம்.

2. எப்போது நோகிறது? ஓட்டத்தின் தொடக்கத்திலா, ஓட ஓடக் கூடுகிறதா, குறிப்பிட்ட நேரம் சென்றபின் வருகிறதா?

3. நின்றபின் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது? சில நிமிடங்களிலா, மறுநாள் காலையிலும் இருக்கிறதா, இரவில் நித்திரையைக் கெடுக்கிறதா?

4. பாதம் விறைக்கிறதா, குளிர்கிறதா, கால் சோர்ந்து இழுபடுகிறதா?

5. கடந்த இரண்டு மாதங்களில் என்ன மாறியது? பயிற்சி நாட்கள், தூரம், மைதானம், சப்பாத்து ஆகியவற்றில் எது புதிது?

6. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

கடைசிக் கேள்வி காலுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றலாம். அதற்குப் பின்னர் தனியாக வருவோம்.

வைத்தியசாலையில் என்ன செய்வார்கள்?

வைத்தியர் முதலில் கதை கேட்பார், பின்னர் கையால் அழுத்திப் பார்ப்பார். நோகும் காலில் மட்டும் மெல்லத் துள்ளிக் காட்டச் சொல்வதும் உண்டு. அனுபவமுள்ளவர்களுக்கு இவையே பாதி விடையைச் சொல்லிவிடும்.

தகைப்பு முறிவு என்று ஐயம் வந்தால் எக்ஸ்ரே எடுப்பார்கள். இங்கே ஒரு விடயத்தை நன்றாக நினைவில் வையுங்கள். முதல் இரண்டு, மூன்று கிழமைகளில் இந்த வெடிப்பு எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு அடுத்த நாளே பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். நோவு அதே இடத்தில் இருந்தால் ஓய்வைத் தொடர்ந்து, சில கிழமைகளில் மீண்டும் காட்டுங்கள். ஆரம்ப நிலையிலேயே காட்டக்கூடியது எம்.ஆர்.ஐ. ஸ்கான். அது எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. கதையும் சோதனையும் தெளிவாக இருந்தால், ஸ்கானுக்குக் காத்திருக்கும் காலத்திலேயே ஓய்வைத் தொடங்கிவிடலாம்.

தசையறை நோவுக்கு எக்ஸ்ரேயும் சாதாரண ஸ்கானும் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. காரணம், பிள்ளை படுத்திருக்கும்போது அந்த நோய் தெரிவதில்லை. ஓட வைத்து, நோவு வந்ததும் மெல்லிய ஊசி மூலம் தசையறையின் அழுத்தத்தை அளப்பார்கள். ஓடி நின்று ஒரு நிமிடத்தில் 30, ஐந்து நிமிடத்தில் 20 மில்லிமீற்றர் இரச அளவுக்கு அழுத்தம் இருந்தால் அது இந்த நோய்க்குச் சான்று என்று 1990 இலிருந்து பல நாடுகளில் எடுத்துக்கொள்கிறார்கள். நாடி நெருக்கத்தைக் கண்டறியக் குருதியோட்டத்தைக் காட்டும் ஸ்கான் செய்வார்கள்.

முதலில் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்லலாம். பேலியகொடைப் பகுதியினருக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலையும் றாகமையிலுள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையும் எட்டும் தூரத்தில் உள்ளன. கொழும்பு 07 இல் விளையாட்டுத்துறை அமைச்சின் கீழ் விளையாட்டு மருத்துவ நிறுவகமும் இருக்கிறது. பிள்ளை ஓடும் சப்பாத்தையும் கையோடு கொண்டுபோங்கள். அதன் தேய்மானத்தைப் பார்த்தே வைத்தியரும் இயன்மருத்துவரும் சில விடயங்களை அறிந்துகொள்வார்கள்.

சிகிச்சை

ஷின் ஸ்பிளின்ட்ஸ் நோவுக்கு முதல் மருந்து, நோவைத் தூண்டும் ஓட்டத்தைக் குறைப்பது. கட்டிலில் கிடக்கத் தேவையில்லை. நீச்சல், சைக்கிள் என்பன உடற்தகுதியைக் காப்பாற்றும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்தால் நோவு தணியும். கெண்டைத் தசையைப் பலப்படுத்துவது அவசியம். படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, குதியை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்கும் பயிற்சி எளியது, செலவில்லாதது. ஓடும்போது நீண்ட எட்டு வைக்காமல், சற்றுக் குறுகிய எட்டுகளாக, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டி ஓடினால் என்பின் மீதான தாக்கம் குறையும்.

தகைப்பு முறிவுக்கு ஓட்டம் முற்றாக நிறுத்தப்பட வேண்டும். உள்விளிம்பில் வந்த வெடிப்பு பெரும்பாலும் 6 முதல் 12 கிழமைகளில் ஆறிவிடும். சிலருக்கு ஊன்றுகோல் அல்லது காலுக்கான விசேட உறை தேவைப்படலாம். ஆனால் கணைக்காலின் முன்விளிம்பில், நடுப்பகுதியில் வரும் வெடிப்பு பொல்லாதது. அந்த இடத்துக்குக் குருதியோட்டம் குறைவு. ஆறப் பல மாதங்கள் எடுக்கலாம், கவனிக்காமல் ஓடினால் என்பு முழுதாக முறிந்துவிடவும் கூடும். சிலருக்கு என்புக்குள் கம்பி வைத்துச் சத்திரசிகிச்சை செய்ய நேரிடும்.

நம்மவர்கள் முறிவு நெரிவு வைத்தியரிடம் பத்துப் போடச் செல்வது வழக்கம். பூச்சுத் தைலத்தால் பெரிய தீங்கில்லை. ஆனால் வெடிப்பு விழுந்த இடத்தை அழுத்தி உருவினால் நோவு கூடும். அதைவிட, உருவியபின் கிடைக்கும் சிறு ஆறுதலை நம்பிப் பிள்ளை மறுநாள் ஓடிவிடுவாள் என்பதே ஆபத்து.

தசையறை நோவுக்கு ஓடும் முறையை மாற்றுவது சிலருக்குப் பலன் தருகிறது. குதியை முதலில் ஊன்றாமல் முன்பாதத்தில் இறங்கி ஓடப் பழக்கியபோது, சத்திரசிகிச்சைக்குக் குறிக்கப்பட்டிருந்த 10 பேரும் ஒரு வருடம் வரை அதைத் தவிர்த்தார்கள் என்று 2012 இல் அமெரிக்க இராணுவ வைத்தியசாலை ஒன்றின் ஆய்வு தெரிவித்தது. அது சிறிய ஆய்வு. ஆனாலும் முதலில் முயன்று பார்க்கத் தகுந்த வழி. இதற்கும் குணமாகாதவர்களுக்குத் தசையுறையைக் கீறித் தளர்த்தும் சத்திரசிகிச்சை உண்டு.

நோ மாத்திரை பற்றி இரண்டு எச்சரிக்கைகள். போட்டியன்று ஓடுவதற்காக மாத்திரை கொடுப்பது, தீ எரியும் வீட்டில் எச்சரிக்கை மணியை நிறுத்துவதைப் போன்றது. இரண்டாவது, நம் கொழும்புப் பகுதிக்கே உரியது. காய்ச்சலோடு கால் நோவும் உடல் நோவும் இருந்தால் அது பயிற்சியால் வந்தது என்று முடிவு செய்ய வேண்டாம். டெங்காக இருக்கலாம். டெங்கு நிலையில் டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் போன்ற மாத்திரைகள் குருதிக் கசிவை மோசமாக்கும். பரசிட்டமோல் மட்டும் உரிய அளவில் கொடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

யாரும் கேட்காத கேள்வி

இனி அந்த ஆறாவது கேள்விக்கு வருவோம்.

ஓடும் சிறுமிக்குப் படிக்க, வளர, ஓட என்று மூன்றுக்கும் சக்தி வேண்டும். சாப்பாடு போதாதபோது உடல் சிக்கனம் பிடிக்கிறது. உடனடித் தேவையில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. முதலில் நிற்பவற்றில் ஒன்று மாதவிடாய். அதோடு என்பைக் காக்கும் ஈஸ்ட்ரஜன் சுரப்பும் குறைகிறது. என்பு மெலிகிறது. அதன்மேல் தினமும் பயிற்சி. இறுதியில் தகைப்பு முறிவு. போதிய உணவின்மை, மாதவிடாய்க் கோளாறு, என்புப் பலவீனம் ஆகிய மூன்றும் கைகோத்து வருவதை 1990 களிலிருந்தே வைத்தியர்கள் எடுத்துச் சொல்லி வருகிறார்கள். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் இதை விரிவாக்கி, விளையாட்டு வீரர்களின் சக்திக் குறைபாடு என்று பெயரிட்டு, இருபாலாருக்கும் பொதுவான பிரச்சினையாக அறிவித்தது. 2023 இல் அதன் வழிகாட்டல்கள் மேலும் புதுப்பிக்கப்பட்டன.

அமெரிக்காவின் மேரி கெயின் 17 வயதிலேயே உலகப் போட்டியில் ஓடியவர். நிறையைக் குறைக்கும்படி தொடர்ந்து வற்புறுத்தப்பட்டதால் மூன்று ஆண்டுகள் தமக்கு மாதவிடாய் நின்றுபோனதாகவும் ஐந்து என்புகள் முறிந்ததாகவும் 2019 இல் அவர் வெளிப்படையாகத் தெரிவித்தார். உலகத்தின் மிகச் சிறந்த வசதிகளுக்கு நடுவே இருந்த ஒரு பெண்ணுக்கே இது நேர்ந்தது.

நம் வீடுகளில் இது வேறு விதமாக நடக்கிறது. காலைப் பயிற்சிக்கு ஐந்தரைக்கு எழும்பும் பிள்ளை வெறும் தேத்தண்ணீரோடு ஓடுகிறாள். இடைவேளையில் ஒரு பணிஸ். பாடசாலை விட்டு மீண்டும் பயிற்சி, பிறகு ரியூசன். முதல் ஒழுங்கான சோறு இரவு எட்டு மணிக்கு. "மெலிஞ்சால் நல்லா ஓடலாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதிலும் பாதியை ஒதுக்குகிறாள். மாதவிடாய் இரண்டு, மூன்று மாதம் வராவிட்டால், விளையாடும் பிள்ளைக்கு அப்படித்தான் என்று நாமும் விட்டுவிடுகிறோம். அது அப்படித்தான் அல்ல. மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலும், 15 வயதாகியும் பருவமடையாவிட்டாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பயிற்சியாளர் பெரும்பாலும் ஆணாக இருப்பார். அவரிடம் இதைச் சொல்லப் பிள்ளை கூசுவாள். ஆதலால் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடியவர் தாய்தான், அல்லது அக்காவோ சித்தியோ மாமியோதான்.

அமெரிக்கக் கடற்படையில் பயிற்சிக்குச் சேர்ந்த 5201 பெண்களிடம் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வில், எட்டுக் கிழமை கல்சியமும் வைற்றமின் டீயும் பெற்றவர்களிடம் தகைப்பு முறிவு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தது. மாத்திரையை நீங்களாகவே தொடங்கத் தேவையில்லை. 9 முதல் 18 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்கு 1300 மில்லிகிராம் கல்சியம் தேவை. அது நம் சமையலறையிலேயே இருக்கிறது. பேலியகொடை மீன் சந்தைக்கு வரும் நெத்தலியையும் சாளையையும் முள்ளோடு உண்ணலாம். நெத்தலிக் கருவாடானால் ஊறவைத்து உப்பைக் களையுங்கள். ரின் மீனின் மெல்லிய முள்ளை எறியாதீர்கள். குரக்கன் பிட்டு, எள்ளுருண்டை, முருங்கை இலைச் சுண்டல், தயிர் எல்லாமே கைகொடுக்கும். அன்றாடம் சிறிது நேரம் வெயில் படுவது வைற்றமின் டீக்கு உதவும். எல்லாவற்றுக்கும் முதலாக, பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழமாவது, பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் சோறோ பாணோ முட்டையோடு அல்லது பருப்போடு கிடைக்க வழி செய்யுங்கள். ஒரு சிறிய சாப்பாட்டுப் பெட்டி போதும்.

மீண்டும் மைதானத்துக்கு

முதலில் அரை மணி நேரம் விரைவாக நடந்து பார்க்கட்டும். நோவில்லை என்றால் ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யட்டும். ஓடும் நேரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டலாம். முதலில் தூரம், பிறகு வேகம். இரண்டையும் ஒரே கிழமையில் கூட்டக்கூடாது. ஷின் ஸ்பிளின்ட்ஸ் உள்ளவர்களுக்கு மெல்லிய நோவு வந்து மறுநாள் காலைக்குள் மறைந்தால் பரவாயில்லை. முறிவிலிருந்து மீள்பவர்களுக்கு நோவு சிறிதும் இருக்கக்கூடாது.

பாடசாலைக்கு அணியும் தட்டையான கன்வஸ் சப்பாத்து நாள்தோறும் ஓடுவதற்கு ஏற்றதல்ல. விலையுயர்ந்தது வேண்டியதில்லை, அளவாகவும் தேயாததாகவும் இருந்தால் போதும். வெறுங்காலோடு புல்லில் ஓடிப் பழகிய பிள்ளையைத் திடீரென்று ஆணிச் சப்பாத்தோடு செயற்கை ஓடுபாதையில் விட்டாலும், மைதானத்தில் ஓடியவளைக் கொங்கிறீற் ஒழுங்கையில் ஓடவிட்டாலும் கால் முறையிடும். எந்த மாற்றத்துக்கும் சில கிழமைகள் கொடுங்கள்.

உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியவை

ஓய்வெடுத்தும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் கடும் நோவு, கால் கல்லாக இறுகுதல், விரல்கள் விறைத்தல் ஆகியவை சேர்ந்தால் அது தசையறை அழுத்தத்தின் அவசர வடிவமாக இருக்கலாம். சில மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் தசை அழிந்துவிடும். காலையில் பார்ப்போம் என்று விடாதீர்கள். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருத்தல், காய்ச்சலோடு என்பு நோதல் ஆகியவையும் உடன் காட்ட வேண்டியவை. இரவில் எழுப்பும் நோவும், முழங்காலை ஒட்டி நாளுக்கு நாள் பெருக்கும் வீக்கமும் விளையாட்டோடு தொடர்பில்லாத பாரிய நோய்களின் அறிகுறியாகவும் இருக்கலாம். அவற்றை அடி பட்டது என்று தள்ளிவைக்கக் கூடாது.

சகோதரிகளே, கால் நோவென்று சொல்லும் மகளின் ஓட்டத்தை அடியோடு நிறுத்திவிடுவது எளிது. "பொம்பிளைப் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு" என்று சொல்லக் காத்திருப்பவர்களும் நம்மைச் சுற்றி உண்டு. பிள்ளைகளுக்கு அது தெரியும். அதனால்தான் பலர் நோவை வீட்டில் சொல்லாமல் மறைத்து ஓடுகிறார்கள். வெடிப்பு முறிவாகும்வரை மறைக்கிறார்கள். நோவைச் சொன்னால் ஓட்டம் பறிபோகாது என்ற நம்பிக்கை அவளுக்கு நம்மிடம் இருக்க வேண்டும். ஆறு கிழமை ஓய்வெடுத்தால் இந்த வருடப் போட்டி ஒன்று தவறலாம். அடுத்த வருடமும் போட்டி இருக்கிறது, கால் நன்றாக இருந்தால் அவளும் அங்கே இருப்பாள்.

இன்று மாலை மகள் மைதானத்தால் வந்ததும், எங்கே நோகிறது என்று ஒரு விரலால் காட்டச் சொல்லிப் பாருங்கள்.